கேசிகா கோல் காத்த கதையின் நான்காம் வரைவு

1.

இந்தக் கதை ஒரு கண்டலில், அதாவது அடிபட்டு இரத்தம் கட்டிய ஒரு இடத்தில், தொடங்கியது என்று முதல் மூன்று வரைவுகளிலும் எழுதியிருந்தேன். அது பொய்யில்லை. மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து என் சிநேகிதி ஞானம்பிகை வீட்டுக்குப் போனபோது அவளுடைய மகள் கேசிகா குசினியில் நின்று, சட்டைக் கையை மடித்துவிட்டு, உறைந்த பட்டாணிப் பையைத் தோளுக்குக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். பையை எடுத்துக் காட்டச் சொன்னேன். கத்தரிக்காய் நிறத்தில், ஒரு தோடம்பழம் அளவில் கண்டிப் போயிருந்தது. யார் அடித்தது என்று கேட்டேன். பந்து என்றாள். எந்தப் பந்து இப்படி அடிக்கும் என்று கேட்டேன். அப்படித்தான் லக்ரோஸ் என்ற சொல்லை என்னுடைய ஐம்பத்து நான்காவது வயதில் முதன்முதலாகக் கேட்டேன்.

பொய்யில்லை, ஆனால் முழுதும் இல்லை. மிச்சத்தை ஆறாம் பகுதியில் சொல்கிறேன். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் நேரே அங்கே போகலாம். எனக்குக் கோபமில்லை. ஆனால் நடுவில் என்ன நடந்தது என்று பிறகு என்னிடம் வந்து கேட்கக் கூடாது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாரோ படித்த மனிசி எழுதுகிறாள் என்று நினைத்துவிடுவீர்கள். பெயர் கிளறா. சொந்த இடம் மன்னார். பலெர்மோவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம். காலையில் ஓர் அவ்வொக்காத்தோவின் அலுவலகத்தைத் துடைக்கிறேன். அவ்வொக்காத்தோ என்றால் வழக்கறிஞர். பின்னேரம் போனில் ஒற்றை விரலால் கதை எழுதுகிறேன். என் கதைகளை இதுவரை வாசித்தவர்கள் பதினொரு பேர். அதில் இரண்டு பேர் இப்போது என்னோடு கதைப்பதில்லை.

2.

தொடக்கம் எனக்கு வராது. வராததை ஒளிக்காமல் இங்கே வைக்கிறேன்.

தொடக்கம் ஒன்று: "பலெர்மோவின் வெயில் கோல் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. ஹெல்மெட் கம்பிகளுக்குப் பின்னால் இரண்டு ஈழத்துக் கண்கள்"

(இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். ஈழத்துக் கண் எப்படி இருக்கும்? எனக்கும் இரண்டு இருக்கின்றன. கண்ணாடி போடாவிட்டால் வருகிற பஸ்ஸின் நம்பர் தெரியாது.)

தொடக்கம் இரண்டு: "லக்ரோஸ் என்பது வட அமெரிக்காவின் பூர்வகுடிகள் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே"

(இது இன்டர்நெட்டில் எடுத்தது. உங்களுக்கும் இன்டர்நெட் இருக்கிறது.)

தொடக்கம் மூன்று: "கேசிகா ஒருபோதும் சத்தம் போட்டதில்லை. ஏனென்றால்"

(இந்த 'ஏனென்றால்' என்ற சொல்லில் மூன்று கிழமை நின்றேன். அதற்குப் பிறகு என்ன வரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் விரல் ஓடவில்லை.)

3.

விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கேசிகா எனக்கு விளக்கியது அவர்களுடைய குசினி மேசையில், ஒரு தேயிலை வடியையும் ஒரு தேசிக்காயையும் வைத்துத்தான். நீண்ட தடி, நுனியில் வலை. அந்த வலையால் பந்தைப் பிடிக்க வேண்டும், அதாலேயே எறிய வேண்டும். பந்து கட்டி றப்பர். இவர்கள் விளையாடுவது பக்கத்துக்கு ஆறு பேர் ஆடும் வகை. ஐந்து பேர் ஓடுவார்கள், ஒருத்தி கோலில் நிற்பாள். அவளுக்கு ஹெல்மெட், தொண்டைக்கு ஒரு தட்டு, நெஞ்சுக்குக் கவசம், மற்றவர்களுடையதைவிடப் பெரிய வலை. தோளும் கையும் கடவுள் விட்ட வழி.

இதில் எனக்குப் புதினமாக இருந்த விசயம் ஒன்று. கோலுக்குப் பின்னாலும் திடல் இருக்கிறது. எதிர்ப்பக்கப் பிள்ளை பந்தோடு கோலுக்குப் பின்னால் போய் நிற்கலாம், அங்கிருந்து எந்தப் பக்கத்தாலும் சுற்றி வரலாம். முன்னுக்குப் பார்த்துக்கொண்டு நிற்கிற தடுப்பு ஆட்களுக்கு முதுகில் கண் இல்லை. ஆகவே கோலில் நிற்பவள்தான் பந்து எங்கே என்று விடாமல் கத்திக்கொண்டிருக்க வேண்டும். பின்னால் என்றால் 'தியெத்ரோ', வலது என்றால் 'தெஸ்த்ரா', மேலே என்றால் 'சோப்ரா'. பல்லறோ சந்தையில் மீன் விற்பவன் கத்துவதுபோல, எட்டு நிமிடக் கால்பகுதி நான்கிலும் கத்த வேண்டும்.

கேசிகா பத்துப் பந்தில் எட்டை நிறுத்துவாள். இதை அவள் சொல்லவில்லை, அவளுடைய பயிற்சியாளர் லோரெடானா சொன்னது. வலையால் முடியாவிட்டால் தோளைக் கொடுப்பாள், தொடையைக் கொடுப்பாள். அடிபட்டால் 'ஆ' என்றுகூடச் சொல்ல மாட்டாள். அணியில் அவளுக்குப் பட்டப்பெயர் 'பியெத்ரா', கல். ஆனால் கல் கத்தாது அல்லவா? அதுதான் பிரச்சினை.

ஏப்ரலில் ஒரு சிநேகிதப் போட்டி. எதிர்ப்பக்கப் பிள்ளை கோலுக்குப் பின்னால் பந்தோடு போனாள். கேசிகா கண்டாள். வாயைத் திறக்கவில்லை. தடுப்பில் நின்ற ஆலெசியா ஒன்றும் தெரியாமல் முன்னுக்குப் பார்த்தபடி நிற்க, அவள் சுற்றி வந்து மோதி, ஆலெசியாவின் சுண்டுவிரல் இரண்டு தடிகளுக்கு நடுவில் அகப்பட்டு முறிந்தது. ஆலெசியா கேசிகாவோடு ஒரே வகுப்பில் தாதியியல் படிக்கிற பிள்ளை, கூட்டாளி. ஆலெசியா அதைப் பெரிதுபடுத்தவில்லை. லோரெடானா சொன்னார். மே மாதக் கடைசி ஞாயிறு கத்தானியா அணியோடு போட்டி இருக்கிறது, இடைவேளை வரைக்கும் பார்ப்பேன், அதற்குள் உன் வாய் திறக்காவிட்டால் இடைவேளைக்குப் பிறகு உனக்குப் பதில் மார்த்தா நிற்பாள், அதற்குப் பிறகு எப்போதும் மார்த்தாதான் என்றார். மார்த்தா பத்தில் மூன்றைத்தான் நிறுத்துவாள். ஆனால் கத்துவாளாம், அப்படிக் கத்துவாளாம்.

ஆக, இந்தக் கதையில் என்ன போகப் போகிறது என்று கேட்பவர்களுக்கு: கேசிகாவின் இடம். வேறொன்றும் இல்லை. யாரும் சாகமாட்டார்கள்.

4.

பாத்திரத்தில் சந்தேகம் வந்தால் என்ன செய்வது? பெரிய எழுத்தாளர்கள் சிகரெட் பிடிப்பார்கள் என்று நினைக்கிறேன். நான் பாத்திரத்துக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

இரண்டாம் வரைவில் கேசிகா கூச்ச சுபாவம் உள்ள ஒரு சோகமான பிள்ளை. பள்ளிக்கூடத்தில் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள். ஜன்னல் வழியே மழையைப் பார்க்கிறாள். கடைசியில் தாய் திடலுக்கு ஓடி வந்து "கத்தடி என்ரை ராசாத்தி" என்று அழ, இவள் கத்த, கத்தானியா தோற்கிறது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. பிறகு கேசிகா என் வீட்டுக்கு வந்தாள், போனை மேசையில் வைத்தாள்.

"அன்ரி, இது ஆர்?"

"நீதான்."

"நான் எப்ப மழையைப் பாத்தனான்? பலெர்மோவிலை மழை வந்தா நான் உடுப்பு எடுக்க ஓடுறனான்."

ஒன்றொன்றாக வெட்டினாள். கேலி செய்தவர்கள் இருந்தார்களாம், ஆனால் அவள் அவர்களைத் திருப்பிக் கேலி செய்தாளாம், மெதுவாக, காதுக்குள், சிசிலியனில். அதுதான் அவர்களுக்கு இன்னும் பயமாம். அம்மா திடலுக்கு ஓடி வரமாட்டா, ஞாயிற்றுக்கிழமை அவவுக்கு மொண்டெல்லோவில் ஒரு வீட்டில் வேலை. தாயைத் திடலுக்குக் கொண்டுவர நான் பட்ட பாடு வீணாய்ப் போனது.*

"என்னைப் பாவம் எண்டு எழுதாதேங்கோ," என்றாள். "நான் பாவம் இல்லை."

பிறகு ஏன் கத்துவதில்லை என்று கேட்டேன். வாயைத் திறக்கிறேன், காற்று வருகிறது, சத்தம் வருவதில்லை என்றாள். தனியே அறையில் கத்திப் பார்த்தாளாம். பிரான்காச்சோவுக்குப் போகிற பஸ்ஸில் கடைசி சீற்றில் இருந்து, ஆள் இல்லாத நேரம் பார்த்து, 'தியெத்ரோ' என்று சொல்லிப் பார்த்தாளாம். சாரதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவ்வளவு கஷ்டமென்றால் விட்டுவிடேன், ஓடுகிற இடத்தில் விளையாடேன் என்றேன். அப்போதுதான் அவள் முகம் மாறியது. கோலைச் சுற்றி நிலத்தில் ஒரு வட்டம் கீறியிருக்கும், எதிர்ப்பக்கத்து ஆள் அதற்குள் கால் வைத்தால் பிழை.

"உந்த வட்டத்துக்கை அவையள் ஒருத்தரும் வரேலாது அன்ரி. நான் நிக்கிறன், எல்லாரும் சுத்தி ஓடுறாங்கள், வரேலாது. அது என்ரை இடம்."

நான் தேத்தண்ணி போட எழும்பினேன். கேத்தலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, சாதாரணமாகக் கேட்பதுபோல, கால்சாவில் அம்மா முந்தி வேலை செய்த அந்தச் சிஞ்ஞோரா வீட்டு அறை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் என்றாள். நீங்கள் பிஸ்கற் தருவீங்கள் என்றாள். சீனி போடவா வேண்டாமா என்று கேட்டேன். அவள் சீனி போடுவதில்லை என்று எனக்கு எப்போதோ தெரியும்.

* ஞானம்பிகையைப் பற்றி ஒரு வரியாவது எழுத வேண்டும். நாற்பத்தேழு வயது, யாழ்ப்பாணம், என்னை 'கிளறா அக்கா' என்பாள். மகள் விளையாடுவதில் அவளுக்கு விருப்பமும் இல்லை வெறுப்பும் இல்லை. கண்டலுக்கு மஞ்சள் பத்துப் போடுவாள். "என்ரை பிள்ளை வாய் காட்டாத பிள்ளை" என்று எங்கள் ஆட்களிடம் பெருமையாகச் சொல்வாள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

5.

(இந்தப் பகுதியில் சிசிலியில் தமிழர்கள் வாழும் முறை பற்றி ஒரு கட்டுரை இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆறாம் பகுதியைத் தள்ளிப்போடுவதற்காக எழுதியது என்று மூன்றாம் தரம் வாசித்தபோது விளங்கியது. எடுத்துவிட்டேன்.)

6.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நாங்கள் ஒரு முழுப் பிள்ளையை மறைத்தோம்.

கேசிகா சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஞானம்பிகைக்குக் கால்சாவில், கடற்கரையைப் பார்த்த ஒரு பழைய மாளிகையின் நான்காம் மாடியில் வேலை கிடைத்தது. வீட்டோடு தங்கி, நடக்க முடியாத ஒரு கிழவியைப் பார்க்க வேண்டும். பிள்ளைகுட்டி இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்று சொன்னாள். வீட்டோடு வேலைக்குப் போன எங்கள் பெண்களில் பலர் அந்த நாளில் சொன்ன பொய்தான் அது. இருக்கிறது என்றால் வேலை இல்லை. புருசன் ஜெயரட்ணம் இத்தாலியின் வடக்கே ஒரு ஓடு செய்யும் தொழிற்சாலையில். கேசிகாவை வைத்திருந்த சொந்தக்காரர் திடீரென்று பிரான்ஸுக்குப் போய்விட்டார்கள். இரண்டு கிழமைக்குத்தானே என்று சொல்லி, நாலு வயதுப் பிள்ளையை உடுப்புப் பையோடு பின்படியால் ஏற்றி, குசினிக்குப் பின்னாலிருந்த அறையில் விட்டாள். இரண்டு கிழமை இரண்டு வருடமும் மூன்று மாதமும் ஆனது.

பின்னேரங்களில் ஞானம்பிகை மருந்து எடுக்க, சாமான் வாங்க வெளியே போவாள். அந்த நேரம் அந்தக் கிழவியை, சிஞ்ஞோராவை, பார்த்தது நான். சரியாக மூன்று மணிக்குச் சிஞ்ஞோராவின் மகன் வருவார், தாயைப் பார்த்துவிட்டுக் குசினியில் வந்து இருந்து கோப்பி குடிப்பார். பிள்ளையின் அறைக் கதவு அவருடைய கதிரையில் இருந்து மூன்றடி தூரம்.

பிள்ளையைச் சத்தம் போடாமல் வைத்திருக்க ஒரு வழி வேண்டும். வெருட்டினால் அழும். ஆகவே ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தேன். இந்த ஊரில் எங்கள் சனம் வேதமோ (கிறிஸ்தவமோ) சைவமோ, மலைமேல் குகையில் இருக்கும் ஊர்ப் புனிதை சாந்தா ரொசாலியாவிடம் போகாத ஆள் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால், சிலையாக, பொன்னுடுப்போடு, கன்னத்தில் கை வைத்துப் படுத்திருப்பா. சாந்தா ரொசாலியா கதைக்கிறவவோ என்று பிள்ளையைக் கேட்டேன். இல்லை என்றது. அசைகிறவவோ என்று கேட்டேன். இல்லை. சரி, இப்ப நீதான் சாந்தா ரொசாலியா, நான் கதவைத் திறக்கும் வரைக்கும் சத்தம் வராவிட்டால் நீ வென்றாய் என்றேன். பிள்ளை உடனே படுத்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டது. வென்றால் ஒரு பிஸ்கற். அவள் ஒருநாளும் தோற்கவில்லை.

ஒருநாள் கதவைச் சாத்துகிற அவசரத்தில் ஜன்னலின் மரப்பலகையைச் சரியாகக் கொளுவாமல் விட்டுவிட்டேன். காற்றுக்கு அது அடித்துப் பிள்ளையின் விரல் அகப்பட்டது. எனக்குத் தெரியாது. மகன் அன்றைக்குத் தாயின் இரத்த அழுத்தத்தைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தார். அவர் போன பிறகு கதவைத் திறந்தேன். ஒரு கை கன்னத்தில். மற்றக் கை தலையணைக்குக் கீழே. தலையணை நனைந்திருந்தது. கையை இழுத்துப் பார்த்தேன், நகம் கறுத்துப் போயிருந்தது.

"அன்ரி, நான் வெண்டிட்டனே?"

"ஓம் செல்லம்," என்றேன். "கெட்டிக்காரி."

பிஸ்கற் கொடுத்தேன். அன்றைக்கு இரண்டு கொடுத்தேன். கதவில் அகப்பட்டது என்று தாயிடம் சொன்னேன், அதுவும் பொய். என் வாழ்க்கையில் நான் நிறையப் பிழை விட்டிருக்கிறேன், ஆனால் அந்தக் 'கெட்டிக்காரி' என்ற சொல்லை நினைத்தால்தான் எனக்கு என்னிலேயே வெறுப்பு வருகிறது.

இத்தோடு முடிந்திருந்தால் நான்காம் வரைவு தேவைப்பட்டிருக்காது.

அந்த மகன்தான் இப்போது நான் அலுவலகம் துடைக்கிற அவ்வொக்காத்தோ. சிஞ்ஞோரா செத்து நாலு வருடம். கத்தானியா போட்டிக்கு முந்தின கிழமை, அடுத்த ஞாயிறு என்ன செய்கிறாய் என்று சும்மா கேட்டார். ஞானம்பிகையின் மகள் விளையாடுகிறாள், பார்க்கப் போகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். இந்த மனிதரைப் பொறுத்தவரை ஞானம்பிகைக்கு மகளே கிடையாது.

அவர் முகம் மலர்ந்தது. "அந்தச் சின்னப் பிள்ளையா? இப்போது எவ்வளவு வளர்ந்திருப்பாள்!" என்றார்.

அவர்களுக்கு முதல் மாதமே தெரியுமாம். முற்றத்துப் பக்கக் கொடியில் சின்னச் சப்பாத்துமேசு (காலுறை) காய்ந்ததாம். தெரிந்ததாகக் காட்டினால் அவள் வெட்கப்பட்டு வேலையை விட்டுவிடுவாள், இவளைப் போல ஒருத்தி எனக்கு எங்கே கிடைப்பாள், ஒன்றும் கேட்காதே என்று தாய் சொன்னாவாம். ஆகவே இவர் கேட்கவில்லை. குசினிக்கு வரும்போது, நாங்கள் அந்தரப்படக் கூடாது, பிள்ளையை ஒளிக்க நேரம் வேண்டும் என்று, வேண்டுமென்றே காலை நிலத்தில் அடித்து அடித்து நடந்து வருவாராம். செய்த ஒரு நன்மையைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். அது நன்மைதான். நல்ல மனிதர். நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன், துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தேன்.

அவர்களுக்கு ஆளை இழக்கப் பயம், எங்களுக்கு வேலையை இழக்கப் பயம். ஒரு ஆள் வாய் திறந்திருந்தால் போதும், அந்தப் பிள்ளை அந்த வீட்டில் ஓடித் திரிந்திருக்கும்.

(கேசிகா, நீ வாசித்த வரைவில் இந்தப் பகுதி இல்லை. நீ பாவம் என்று நான் எழுதவில்லை. நான் செய்ததை எழுதியிருக்கிறேன், அதை வெட்டச் சொல்லாதே. அம்மாவுக்குச் சொல்வதா இல்லையா என்பதை நீ தீர்மானி. எனக்குத் துணிவில்லை.)

7.

மே மாதக் கடைசி ஞாயிறு. பூசைக்குப் போகாமல் போட்டிக்குப் போனேன். அதைச் சுவாமியாரிடம் பிறகு சொல்லிக்கொள்வேன். பல்கலைக்கழகத் திடலில் முப்பது பேர்கூட இல்லை. நான் ஆட்கள் இருக்கும் படியில் இருக்காமல், கேசிகாவின் கோலுக்குப் பின்னால் இருந்த கம்பி வேலியோடு போய் நின்றேன். அவளுடைய முதுகும் ஹெல்மெட்டின் பின்பக்கமும்தான் தெரிந்தன. முதல் எட்டு நிமிடத்தில் ஐந்து பந்தை நிறுத்தினாள். ஒன்று முழங்கையில் பட்ட சத்தம் எனக்கு வேலிவரை கேட்டது. அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

இரண்டாம் கால்பகுதியில் கத்தானியாக்காரிகளுக்கு விசயம் பிடிபட்டுவிட்டது. பந்தைக் கோலுக்குப் பின்னால் கொண்டுபோனால் இந்த அணிக்குக் கண் தெரியாது என்று கண்டுபிடித்தார்கள். இரண்டு கோல் அப்படிப் போனது. அந்தப் பக்கம் லோரெடானா மார்த்தாவிடம் ஏதோ சொல்ல, மார்த்தா நெஞ்சுக் கவசத்தை எடுத்துக் கட்டத் தொடங்கினாள். இடைவேளைக்கு மூன்று நிமிடம் இருந்தது. கேசிகாவும் அதைப் பார்த்தாள், ஹெல்மெட் அந்தப் பக்கம் திரும்பியதை நான் கண்டேன்.

அடுத்த முறை கத்தானியாக்காரி பந்தோடு பின்னால் வந்தபோது அவளுக்கும் எனக்கும் நடுவில் வேலி மட்டும்தான். நான் திட்டமிட்டு ஒன்றும் செய்யவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் இந்த ஊரில் நான் உரத்துக் கதைத்ததே இல்லை, பஸ்ஸில் என் காலை மிதித்தாலும் நான்தான் மன்னிப்புக் கேட்பேன்.

"தியெத்ரோ!" என்று கத்தினேன்.

தடுப்பில் நின்ற இரண்டு பிள்ளைகளும் வெட்டித் திரும்பினார்கள். சுற்றி வந்தவளை மறித்தார்கள், பந்து விழுந்தது, இவர்கள் எடுத்தார்கள். அங்கே லோரெடானா கேசிகாவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கேசிகா கத்தினாள் என்று அந்த மனிசி நினைத்துவிட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்த முறையும் கத்தினேன், அதுவும் சரிவந்தது. மார்த்தா கவசத்தைக் கழற்றி மடியில் வைத்தாள். நான் பிழையைத் திருத்திவிட்டேன் என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த ஒரு நிமிடம் நான் சந்தோசமாக இருந்தேன்.

மூன்றாம் தரமும் கத்தினேன். ஆனால் எனக்கு என்ன விளையாட்டுத் தெரியும்? நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் நின்றவள் பந்தை முன்னுக்கு எறிந்துவிட்டாள். என் சத்தத்தைக் கேட்டு இரண்டு பிள்ளைகளும் பின்னால் திரும்ப, முன்பக்கம் வெறுமையாகக் கிடந்தது. தனியே நின்ற ஒருத்தி ஆறுதலாக எடுத்து எறிந்தாள். கோல். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

கேசிகா பந்தை எடுக்கக் குனியவில்லை. திரும்பினாள். ஹெல்மெட் கம்பிகளுக்கு ஊடாக நேரே என்னைப் பார்த்தாள்.

"கிளறா அன்ரி! வாயைப் பொத்துங்கோ!"

திடல் முழுவதும் கேட்டது. படியில் இருந்தவர்கள் எழும்பிப் பார்த்தார்கள். கோபத்திலும் மரியாதை போகவில்லை என்பதைக் கவனித்தேன், வேறு எதையும் கவனிக்க அந்த நேரம் என்னால் முடியவில்லை. நடுவர் விசில் ஊதி, வேலிக்கு வந்து, நீங்கள்தானா கத்தியது என்று என்னைக் கேட்டார். ஓம் என்றேன், தமிழில். பிறகு இத்தாலியனில் சொன்னேன். வெளியே போகச் சொன்னார். கைப்பையை எடுத்துக்கொண்டு, வேலியோரமாக, எல்லாரும் பார்க்க நடந்து போனேன். லோரெடானாவுக்கு நடந்தது விளங்கிவிட்டது. அவர் என்னையும் கேசிகாவையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

8.

இங்கே கதையை வென்று முடிக்கலாம். தோற்று முடிக்கலாம். இரண்டையும் எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: "அந்தக் கத்தலோடு அவளுக்குத் தொண்டை திறந்துவிட்டது. பிறகு அவள்"

(ஒரு கத்தலில் எல்லாம் சரிவரும் என்றால் நான் ஏன் நாலு வரைவு எழுதினேன்?)

முடிவு இரண்டு: "லோரெடானா தலையை ஆட்டிவிட்டு மார்த்தாவைக் கூப்பிட்டார். கேசிகா வட்டத்தை விட்டு வெளியே"

(இதை முடிக்க எனக்கு மனமில்லை.)

நடந்தது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்தான். கேசிகா அன்று பின்னேரமே போன் எடுத்தாள். அவள் வாய் திறக்கும் முன்னரே நான் சொல்லிவிட்டேன், இடைவேளைக்குப் பிறகு கோலில் யார் நின்றது என்று சொல்லாதே பிள்ளை என்று. ஏன் என்று கேட்டாள். அதற்குத்தான் இந்தக் கடைசிப் பகுதி.

திடலின் மதில் உயரமானது, வெளியே பஸ் நிறுத்தம். நான் அங்கே போய் நின்றபோது இடைவேளை விசில் ஊதியது. பஸ் வந்தது, ஏறவில்லை. பிறகு மறுபடி விசில் ஊதியது, ஓடுகிற சத்தம், தடிகள் முட்டுகிற சத்தம். அதற்குப் பிறகு ஒரு பெண்பிள்ளையின் குரல் கேட்டது. தியெத்ரோ. தெஸ்த்ரா, தெஸ்த்ரா. சோப்ரா. முதலில் விட்டுவிட்டு வந்தது, பிறகு விடாமல் வந்தது. கொஞ்சம் கரகரத்த குரல். கோலில் நிற்கிற ஒருத்தியின் குரல்.

மார்த்தாவின் குரலை நான் கேட்டதில்லை. கேசிகா நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அவள் இருமினால் எனக்குத் தெரியும், படியேறினால் தெரியும், போனில் மூச்சு விட்டால் தெரியும். ஆனால் அவள் உரத்துக் கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. என்னை ஏசிய அந்த ஒரு தரம் தவிர நான் கேட்டதில்லை. கேட்க விடாதவளே நான்தான்.

நீங்கள் உள்ளே போய்ப் பாருங்கள், உங்களை யாரும் மறிக்க மாட்டார்கள். வந்து எனக்குச் சொல்ல வேண்டாம். நான் இந்தப் பஸ்ஸையும் விட்டுவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.